உதை ஒன்று, குத்து ஒன்று

என் கணவர் தூக்கத்தில் என்னை உதைப்பார். கண் அசந்த கொஞ்ச நேரத்தில் கால் வெட்டி இழுத்து என் முழங்காலில் வந்து விழும். அத்தோடு விட்டாலாவது பரவாயில்லை. உதைத்த கையோடு தோளில் விரலால் ஒரு குத்து வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

காலையில் கேட்டால், "நான் எங்க ஒதச்சேன்? நீ சொப்பனம் கண்டிருப்ப" என்பார். தம்பானூரில் வருமான வரிக் கணக்குப் பார்க்கிறவர். ரசீது இல்லாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். முழங்காலில் கன்றியிருந்ததைக் காட்டினேன். "கட்டில்ல இடிச்சிருப்ப" என்றார். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் அவர் காலுக்காகத் தேங்காய் உடைத்தேன். பிள்ளையாரும் ரசீது கேட்டார் போலிருக்கிறது.

கடைசியில், கல்யாணமாகிப் போன மகளின் அறைக்கு மாறிவிடுவதென்று மெத்தையை வெயிலில் போட்டேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"ஆஸ்பத்திரில தூங்க வச்சு வீடியோ எடுப்பாங்களாம். அதுல நான் ஒதச்சா நீ அங்க போய்ப் படுத்துக்க."

தலை முதல் கால் வரை வயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். தனியாகப் படுத்துப் பழக்கமில்லை என்று என் தலையணையையும் கொண்டுபோயிருந்தார்.

மறுநாள் டாக்டர் அறையில் வீடியோ ஓடியது. கால் வெட்டியது. தலையணைக்குச் செம உதை. "பாத்தீங்களா!" என்று எழுந்தேவிட்டேன். அதற்குள் அவர் கை நீண்டு, தலையணையைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நெற்றி வயர் ஒன்று பிய்ந்து தொங்கியது. மறுபடி உதை. மறுபடி தொட்டுக் கண்ணில் ஒற்றல்.

மலையாளத்து டாக்டர் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கால் வெட்டுறதுக்கு மருந்து உண்டு, அம்மா. பட்சே, ஒறக்கத்துல மன்னிப்பு கேக்குற ஆள இப்பத்தான் காணுறேன்."

அப்படியானால் தோளில் விழுந்தது குத்தே இல்லை. இத்தனை வருஷமும் நான் தட்டிவிட்டது அந்தக் கையைத்தான். எனக்கு அழுகை வந்தது. தலையணைமேல் பொறாமையாகவும் இருந்தது.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ப்ரூஃப் ஆயாச்சு. நீ அங்கயே படுத்துக்க."

"ஒண்ணும் வேண்டாம். முதல்ல மருந்த வாங்குங்க" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவர் செருப்பு என் காலை நன்றாகவே மிதித்தது. மனிதர் விழித்திருந்தார். அதனால் ஒன்றும் செய்யாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.