குளிகாரன் பாட்டு

செந்தூர்வேலுக்கு வாசிக்கத் தெரியாத வாத்தியம் இந்தத் தூத்துக்குடியில் கிடையாது. மறுத்துச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். கீபோர்டு, கிதார், புல்லாங்குழல், மவுத் ஆர்கன், உறுமி எல்லாம் அவன் கைக்குள் வீட்டுப் பூனை மாதிரி அடங்கிக் கிடக்கும். தொண்டையும் நல்ல தொண்டை. மெல்லிசைக் குழு வைத்து மாதா கோவில் திருவிழா, அம்மன் கொடை, கல்யாண வீடு என்று வேம்பார் வரைக்கும் போய்ப் பாடி வந்தான். கூடப் பாடுகிற ஈவாஞ்சலின், "எங்க அண்ணனுக்குக் கை ரெண்டுதான், ஆளு ஆறு" என்று மேடையிலேயே கேலி பண்ணுவாள்.

சினிமாப் பாட்டு அவனுக்குச் சோறு போட்டது. ஆசை வேறு பக்கம் இருந்தது. வாலிபத்தில், ஹார்பர் பக்கம் கப்பல் சாமான் விற்கிற கடையில் ஒரு கேசட் வாங்கினான். இங்கிலாந்துக் கோஷ்டி ஒன்று பாடியது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பாடுகிறவனே குழலும் ஊதுகிறான், கிதாரும் வாசிக்கிறான். நாலாய் நடக்கிற தாளம் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்தாகிறது, ஏழாகிறது. செந்தூர்வேல் சோறு தண்ணி மறந்து கேட்டான். அதே மாதிரி தானும் ஒன்று கட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காய் உட்கார்ந்து கட்டினான்.

சங்கு குளிக்கிற ஒருவன் தோணியில் போகிறான், குதிக்கிறான், மூச்சை அடக்கி அடிமண்ணைத் துழாவுகிறான், கடைசியில் மேலே வருகிறான். அதுதான் குளிகாரன் பாட்டு. குதிக்கிற இடத்தில் தாளம் மாறும். கேட்கத்தான் ஆள் இல்லை. தோணி கரையை விடுவதற்குள் குத்துப்பாட்டுப் போடச் சொல்லிவிடுவார்கள்.

அண்ணன் காசிலிங்கம் கருப்பட்டிக் கடைக்காரர். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். முதல் கீபோர்டு அவர் வாங்கிக் கொடுத்ததுதான். சொந்த ஊரில் சுடலைமாடனுக்குக் கொடை விழா என்றால் சாமி இறங்குவது அவர் மேல். இடுப்பில் மணி தொங்கும் சல்லடம் கட்டிக் கம்பைப் பிடித்து ஆடினார் என்றால் ஊரே கையெடுத்துக் கும்பிடும், குறி கேட்கும்.

ஒரு வருஷம் மத்தியானக் கொடைக்கு மேளக்காரர்கள் வந்த வேன் வழியிலேயே நின்றுவிட்டது. பூசை நேரம் தப்பக் கூடாது. சாயங்காலக் கச்சேரிக்கு வந்திருந்த செந்தூர்வேலை உறுமி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். சாமி வந்தது. தூக்கி வளர்த்த அண்ணன் தன் அடிக்கு ஆடுவதைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வாய் தானாகக் குளிகாரன் பாட்டை எடுத்தது, கை அதன் பின்னால் போனது. சாமிக்குத் தெரியாத தாளமா என்று நினைத்தான். நினைத்தது அவ்வளவுதான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

குதிக்கிற இடம் வந்தது. தாளம் மாறியது. தூக்கிய கால் எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் நின்றது. தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி காசிலிங்கம் சுற்றும் முற்றும் பார்த்தார். கம்பு கீழே விழுந்தது. சாமி போய்விட்டது. பாட்டும் அங்கேயே நின்றது.

பாதி ஆட்டத்தில் சாமியை விரட்டினவன் என்று பேர் வந்தது. இனி அவனுக்கு மேடை இல்லை என்றது கோவில் கமிட்டி. அதுகூடப் போகட்டும். அடுத்த கொடையில் மேளக்காரர்கள் சரியாகத்தான் அடித்தார்கள். காசிலிங்கம் சல்லடம் கட்டிக் கண்ணை மூடி நின்றார். சாமி வரவில்லை. அதற்கடுத்த கொடையிலும் வரவில்லை. கூட்டத்தில் நின்ற அவர் மகன் பாலகணேஷ் மேல் இறங்கியது. சல்லடத்தை அவிழ்த்து மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

தம்பியை ஒரு சொல் திட்டவில்லை. கடைக்குப் போனால் காப்பி வாங்கித் தருவார், மழை தண்ணி பேசுவார், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். அண்ணன் வாயால் அதைப் பற்றி ஒரு சொல் வேண்டும், வசவானாலும் சரி. வருஷக்கணக்காய் செந்தூர்வேல் அதற்குத்தான் காத்துக் கிடந்தான்.

போன வருஷம் காசிலிங்கத்துக்கு நுரையீரல் கெட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். ஒருநாள் காலையில் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே, அன்னைக்குப் பாடுனியே. ஒருத்தன் கடல்ல குதிச்சாம்லா. மேல வந்தானா?"

செந்தூர்வேல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "வந்துட்டாம்ணே."

"சும்மா சொல்லாத. வாசி."

உறுமியைக் கொண்டுவந்து பாடினான். தோணி போனது. குதிக்கிற இடத்தில் கை மாற மறுத்தது, பழைய தாளத்துக்கே திரும்பியது. மறுபடி முதலிலிருந்து எடுத்தான். அந்த இடம் வந்தால் கம்பு விழுகிற சத்தம்தான் காதில் கேட்டது. போர்வைக்கு வெளியே காசிலிங்கத்தின் கால் பெருவிரல் தாளம் போட்டு, மாறுகிற இடத்துக்காகக் காத்து நின்றது.

"குதிலே" என்றார். "நான் பாத்துக்கிடுதேன்."

காத்திருந்த சொல் வந்துவிட்டது. கைதான் வரவில்லை. உறுமியின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிறகு பார்க்கலாம் என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே அவரை மயானத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷக் கொடைக்குக் கமிட்டியே அவனைக் கூப்பிட்டது. போய் உறுமி அடித்தான். நேர்தாளம், ஓர் அடி பிசகவில்லை. பாலகணேஷ் மேல் சாமி நின்று ஆடியது. முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"இதை அன்னைக்கே இப்படி அடிச்சிருக்கலாம்லா."

"ஆமா அண்ணாச்சி" என்றான் செந்தூர்வேல். உறுமியைத் துணியில் சுற்றிக்கொண்டு, அண்ணன் வீட்டுத் தெருவுக்குள் போகாமல் சுற்றி நடந்துபோய் பஸ் ஏறினான்.