மதியக் காட்சியின் கடைசி வரிசை

என் தங்கச்சி வீட்டுக்காரர் சினிமா தியேட்டரில் ஆப்பரேட்டர். நான் அதே தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். மாப்பிள்ளைக்குச் சீட்டாட்டத்தில் சைக்கிள், சுவர்க்கடிகாரம் எல்லாம் போன பிறகு, தங்கச்சி அவர் விரலில் ஒரு மோதிரத்தை மாட்டி, "இது என்னைக்கு உங்க கையை விட்டுப் போகுதோ, அன்னைக்கு நானும் போயிடுவேன்" என்றாள். அப்புறம் ஏழு வருஷம் மாப்பிள்ளை சீட்டுக்கட்டு இருந்த பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த படம் வந்தது. கறுப்பு வெள்ளை, ஒரு சூதாடியின் கதை. காவியம், காவியம் என்று யாரோ முதலாளி தலையில் கட்டிவிட்டார்கள். காவியமாம்! இரண்டரை மணி நேரம் கதாநாயகன் மூக்கைச் சிந்துகிறான், கடைசியில் ஒரு சீட்டைத் திருப்புகிறான், இஸ்பேட் ரெண்டு, தோற்கிறான், வணக்கம். மூன்றாம் நாளே மதியக் காட்சிக்கு நாலு பேர்தான். அதில் இரண்டு பேர் குறட்டை விட வந்தவர்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை என் காதில் கிசுகிசுத்தார். "மச்சான், இன்னைக்கு அவன் சீட்டைத் திருப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சான். பாத்தீங்களா?"

"ஃபிலிம்ல இருக்கறவன் எங்க யோசிப்பான்? உங்களுக்குத் தூக்கம் பத்தல மாப்பிள்ளை."

"என் ஜன்னலுக்குக் கீழே, கடைசி வரிசைல ஒருத்தர் உட்காருறாரே, அவர்கூட பந்தயம். ஒருநாள் ஜெயிப்பான்னு நான். மாட்டான்னு அவர். நான் சீட்டைத் தொடலையே, தொடுறது அவன்தானே?"

கிழித்த பாதிகளைக் கம்பியில் குத்திவைப்பது என் வழக்கம். எண்ணிப் பார்த்தேன். நாலே நாலு, நாலும் முன்வரிசை.

"ஆள் எப்படி இருப்பான்?"

"மேலேருந்து உச்சந்தலைதான் தெரியுது. உங்களை மாதிரியே நடுவுல வழுக்கை."

படம் தூக்குகிற நாளும் வந்தது. காட்சிக்கு முன்னால் மாடியேறி ஆப்பரேட்டர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். மோதிரம் விரலில்தான் இருந்தது. "கடைசி வரிசைல ஈ காக்கா கிடையாது. நானே உட்கார்ந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வரிசை நாற்காலிகள் ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும். எல்லாம் மடங்கியிருந்தன, ஒன்றைத் தவிர. அதில் உட்கார்ந்தேன். இருக்கை சூடாக இருந்தது.

கடைசிக் காட்சி. கதாநாயகன் சீட்டின்மேல் கையை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, கூடவே ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. "இவனாவது ஜெயிக்கறதாவது! தோப்பான், எழுதி வச்சுக்கோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இஸ்பேட் ரெண்டு.

தலைக்குமேல் ஒரு பெருமூச்சு கேட்டது. விளக்கு எரிந்ததும் பார்த்தேன், என் நாற்காலிக் கைப்பிடியில் மோதிரம் இருந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். "பிடிங்க, விரல்ல போடுங்க!"

அவர் கையை மூடிக்கொண்டார். "தோத்தது தோத்ததுதான், மச்சான். ஜெயிச்சவர்கிட்டதான் இருக்கணும்."

"ஜெயிச்சது யாருய்யா?"

அவர் என் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது தங்கச்சி என் வீட்டில்தான் இருக்கிறாள். மோதிரம் என் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் குடியைக் கெடுத்து மோதிரத்தை ஜெயித்துக்கொண்டு போன அந்தப் பாவி நாசமாய்ப் போகட்டும் என்று, சோறு போடும்போதெல்லாம் சபிக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறேன்.