கமுகம்பாளையில் ஓர் இத்தாலியக் கிழவன்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபின் கையும் காலும் ஓரளவு திரும்பின. வாய் மட்டும் இடப்பக்கமாகக் கோணி நின்றது. பேச்சு குழறும், எச்சில் வழியும். அதனால் எப்போதும் லேஞ்சி என்று நாங்கள் சொல்லும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டே இருப்பார். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். வருஷா வருஷம் சர்ச் நாடகத்தில் கோமாளி வேஷம் போட்டு, போதகரையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவைத்த மனுஷன் அவர். அறுப்பின் பண்டிகை முடிந்து சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அசனத்துக்குக்கூட வரமாட்டேன் என்றுவிட்டார். ஊர் பார்க்க இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட என்பதுதான் அவர் கவலை. எனக்கு எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும்.

மகள் இத்தாலியில் நர்ஸ். அவள்தான் அந்த நாட்டுப் பழைய படங்களை வீட்டு டிவியில் பார்க்க வழிசெய்து தந்தாள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் கூட்டி வாசிப்பதற்குள் அது ஓடிப்போகும். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த மொழி எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அதனால் படம் முடியும்வரை, பேச்சு வராதவர் என்று வீட்டில் தனியாக ஒருவர் இல்லை. அந்தப் படங்களில் எல்லாரும் வாயால் பாதி, கையால் பாதி பேசுவார்கள். விரல்களைக் குவித்து மேலும் கீழும் ஆட்டுவார்களே, அதைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சாயா கேட்க ஆரம்பித்தார். சோகப் படத்துக்கு நான் மூக்கைச் சிந்துவேன். சிரிப்புப் படத்துக்கு அவர் லேஞ்சிக்குள்ளேயே குலுங்கிச் சிரிப்பார்.

ஒருநாள் படத்துக்குப் பதிலாக மேடை நாடகம் ஒன்று வந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கும் கருமிக் கிழவன், நெற்றியிலிருந்து மூக்குவரை தோல் முகமூடி. பணப்பெட்டியையும் மகளையும் ஒரே மாதிரிப் பூட்டிவைத்துக்கொண்டு அவன் படும் பாடுதான் கதை. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் போட ஒரு சிரிப்பு நாடகம் வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் அலைந்துகொண்டிருந்தார்கள். கிழவனைக் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் வியாபாரியாக மாற்றிக் கதையைச் சொன்னேன். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கிழவன் வேஷம் யாருக்கு என்று கேட்டார்கள். எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

அவர் தலையை ஆட்டி மறுத்தார். முகத்தை மறைத்துவிடலாம், அதற்குத்தானே முகமூடி என்று பேசிப் பேசி ஒத்துக்கொள்ளவைத்தேன். கொல்லையில் பாக்குமரத்திலிருந்து விழுந்த கமுகம்பாளையை ஊறப்போட்டு, செம்பின்மேல் அழுத்திக் காயவைத்து, நாடகத்தில் பார்த்தபடியே வெட்டிக் கொக்கி மூக்கும் ஒட்டினேன். அச்சு அசலாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நல்லாயிருந்த நெற்றியையும் கன்னத்தையும் நான் மறைத்திருந்தேன். கோணிய வாய் மட்டும் தனியாக வெளியே தெரிந்தது. மூளை கெட்டவளே என்று என்னை நானே திட்டிக்கொண்டு கழற்றப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார். வாயை இன்னும் கொஞ்சம் கோணிப் பார்த்தார். பிறகு லேஞ்சியை மடித்து என் கையில் தந்தார்.

அன்று சாயங்காலமே நாடகம். அவர் மேடையேறினார். அந்த வாயைப் பார்த்ததுமே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. என் பின்னால் யாரோ பரிதாபமாக உச்சுக் கொட்டினார்கள். முதல் வசனத்தைச் சொல்லுமுன்பே அவருக்கு எச்சில் தாடையில் வழிந்தது. என் கைக்குள் லேஞ்சி ஈரமாகிவிட்டது. ஆண்டவரே, இந்த மனுஷனை நானே கொண்டுவந்து ஊர் முன்னால் நிறுத்திவிட்டேனே என்று பாதி எழுந்துவிட்டேன்.

அவர் நின்றார். வழிந்ததை ஒரு விரலால் தடுத்தார். திருடனைப் பிடித்தமாதிரி அதை முறைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“எங்க ஓடுக? எச்சிலானாலும் எனக்க மொதலாக்கும். சும்மா வெளிய போவப்பிடாது.”

சொல்லிவிட்டு அதை வாய்க்குள்ளேயே தள்ளிக்கொண்டார். பந்தலே அதிர்ந்தது. பழைய ஆள்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அடங்கப்போகும் நேரம் பார்த்து அடுத்த சொட்டையும் பிடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் லேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் அசனத்துக்கு நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவரே சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆண்கள் வரிசையில், முகமூடியும் இல்லாமல் லேஞ்சியும் இல்லாமல் உட்கார்ந்தார். நான் குழம்பு வாளியோடு அவர் இலைக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

“ஏட்டி, நேத்து நீ சிரிச்சியா?”

“இல்ல. அழுதேன்.”

“அப்பம் நடிப்பு செரியில்ல” என்றார். உதட்டோரம் குழம்பு வழிந்தது. எதிர் வரிசை அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அதை விரலால் தடுத்து முறைத்தார்.

இந்தத் தடவை நான்தான் முதலில் சிரித்தேன்.