சிவபிரசாத் சாரும் சிவப்புப் புள்ளியும்

சிதம்பரம் கீழ வீதியில் டாக்டர் சிவபிரசாத்தைத் தெரியாதவர்கள் இருந்தால், அவரே போய்த் தெரியப்படுத்திவிடுவார். கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். அவர் பெயர் போட்ட ஆய்வுக் கட்டுரைகளை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அவற்றில் அவர் வாசித்ததை மட்டும் அடுக்கினால் காபி டம்ளரை மூடக்கூடக் காணாது. எந்தத் துறையில் யார் கட்டுரை எழுதினாலும் அவர் மேசைக்கு வந்துவிடும். முதல் பெயராக அவர் பெயர் ஏறிய பிறகே வெளியே போகும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ஆய்வு செய்த கனிமொழியின் கட்டுரையிலும் அப்படித்தான் ஏறினார். அவள் ஆராய்ந்தது இரண்டு பொருள்களின் சண்டையை. ஒன்று தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். மற்றது அதைவிட வேகமாகப் பரவி அதை அடக்கும். தோல் மாதிரி ஒரு பரப்பில் இரண்டையும் விட்டால் சிறுத்தைக்கு இருப்பதுபோலப் புள்ளிகள் விழலாம். பரப்புக்குப் பதிலாக, சாலைகளால் இணைந்த ஊர்களைப் போன்ற ஒரு வலையில் விட்டால்? எந்தப் புள்ளியில் பெருகும், எதில் வற்றும் என்பது, எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்ல அவள் வந்தபோதெல்லாம் சிவபிரசாத்துக்குப் போன் வந்துகொண்டிருந்தது.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது. கல்லூரித் தாளாளர் சுப்பராயலு, பெண்ணாடத்தில் கரும்பு லாரி ஓட்டி மேலே வந்தவர், ஆளனுப்பி அவரை வரவழைத்தார்.

"எல்லா ஸ்டாஃபையும் ஆடிட்டோரியத்துல உக்கார வைங்க. நீங்க பேசுறீங்க. நானும் வரேன்."

பேச வேண்டிய நாள் காலை சிவபிரசாத் கனிமொழியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கடைசியில ஒரு படம் பெருசா இருக்கே, அது என்ன?"

"நட்சத்திர வலை சார். நடுவுல ஒண்ணு, சுத்தி மத்ததுங்க. அதுங்களுக்கு நடுவுல இருக்கறதோட மட்டுந்தான் தொடர்பு. பரவுற வேகம் ஒரு அளவுல இருந்தா நடுவுல உள்ளது தனியா செவக்கும். மத்ததெல்லாம் ஒரே நீலம்."

"கலர் நல்லாருக்கு," என்றார் சிவபிரசாத்.

மேடையில் சிறுத்தையைப் பற்றிப் பேசினார். வரிக்குதிரையைப் பற்றிப் பேசினார். சரக்குத் தீர்ந்துபோய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையிலிருந்து சுப்பராயலு திரையில் இருந்த நட்சத்திர வலைப் படத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்த நடுவுல செவப்பா இருக்கறது யாரு சார்?"

சிவபிரசாத்தின் மூளை வாழ்நாளில் காட்டாத வேகத்தைக் காட்டியது. "நீங்கதான் சார்!"

அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த கனிமொழிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "அது அப்படி இல்ல சார்," என்றாள். "சுத்தி இருக்கறதுங்க எல்லாமே ஒண்ணோட ஒண்ணு சேந்துட்டா, நடுன்னே ஒண்ணு இருக்காது."

சுப்பராயலு திரும்பி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அவள் சொன்னதை அந்த அரங்கில் முழுசாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அந்த வாரமே பொது ஸ்டாஃப் ரூம் பூட்டப்பட்டது. ஆசிரியர்களின் வாட்ஸப் குழு கலைக்கப்பட்டது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு ஒரு தாள் போக வேண்டுமென்றாலும் தாளாளர் அறை வழியாகத்தான் போக வேண்டும். சிவபிரசாத்துக்குச் சால்வை போர்த்தி, டீன் என்று பலகையும் மாட்டினார்கள். கனிமொழி பட்டம் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்விட்டாள். சனியன் விட்டது என்று சிவபிரசாத் சந்தோஷப்பட்டார்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். அவர் மேசைக்கு வந்துகொண்டிருந்த கட்டுரைகள் நின்றுபோயின. மெக்கானிக்கல் துறை அறிவழகனை வராந்தாவில் மடக்கிக் கேட்டார்.

"என்னப்பா, எதுவும் எழுதறதில்லியா?"

"எழுதறேன் சார். ஆனா உங்ககிட்ட நேரா தரக்கூடாதாமே? தாளாளர் ஐயாகிட்ட குடுத்துட்டேன்."

"நம்ம பேரு?"

அறிவழகன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னான். "ஐயா பேரு மொதல்ல. உங்களுக்கு எடம் இல்லன்னுட்டாங்க சார்."

சிவபிரசாத் தாளாளர் அறைக்கு ஓடினார். டீன் பதவிக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்பதாகத்தான் போனார். வாயைத் திறப்பதற்குள் சுப்பராயலு ஒரு கட்டுரையை அவர் கையில் திணித்தார்.

"நல்ல வேளை வந்தீங்க. வெள்ளிக்கிழம நான் இதப் பத்திப் பேசணும். படிச்சிட்டு, எனக்குப் புரியற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு மாதிரி எவனாவது எழுந்து கேள்வி கேட்டா பதில் இருக்கணும்."

"சரிங்க சார்," என்றார் சிவபிரசாத். டீன் பேச்சை எடுக்காமலே கட்டுரையோடு வெளியே வந்தார்.

சாயங்காலம் கீழ வீதி வீட்டில் மனைவி பிரீதா காபியோடு வந்தபோது, அவர் கண்ணாடி போட்டு, பென்சில் வைத்து, வரி வரியாக அடிக்கோடு இட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் காணாத காட்சி.

"என்னங்க, எதாவது பரிட்சை எழுதப் போறீங்களா?"

அவர் நிமிரவில்லை. முதல் பக்கமே இன்னும் தாண்டவில்லை.