கால் முடுக்கு

இதில் நான் கற்பனையாகச் சேர்த்தது எதுவும் இல்லை. கற்பனை செய்யத் தெரிந்தவனாக இருந்தால், நடுவில் நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை முதலில் மாற்றியிருப்பேன். நேரங்களை எல்லாம் அன்றன்றே குறித்து வைத்தேன். சந்தேகப்படுபவர்கள் என் அக்காவிடம் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். எள்ளளவு திருகாணிகளை நாளெல்லாம் முடுக்குகிற வேலை. தனிக்கட்டை. ஒரு பழைய கார் உண்டு. அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் என் வீட்டு ஷெட்டில் நானேதான். அக்காவின் கணவர், என் அத்தான், ரொட்டிக் கடை வைத்திருந்தார். ஓய்வு கிடைத்தால் அவரும் வந்து பக்கத்தில் குந்திக்கொள்வார். கையில் எனக்கென்று ஒரு ரொட்டி இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது இரண்டு முடுக்கு உண்டு. வண்டி ஜாக்கியின் மேல் தூக்கி நிற்கும்போது நான்கு நட்டுகளையும் கையால் திருகி வைப்பது ஒன்று. வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் காலை வைத்து அழுத்துவது இன்னொன்று. 'கை முடுக்கு, கால் முடுக்கு' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர் அத்தான்தான். ஒவ்வொரு முறையும் விடாமல் கேட்பார்.

"கால் முடுக்கு ஆச்சா மாப்ளே? கண்ணாடிக்காரனை நம்ப முடியாது. மூக்கு வலிக்குமேன்னு பார்த்துப் பார்த்து முடுக்குவான்."

அன்று சனிக்கிழமை. முன்பக்க இடது சக்கரத்துக்குப் பிரேக் பேட் மாற்றினேன். கை முடுக்கு முடிந்தது. வண்டியை இறக்கினேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது மணி மாலை 6.40. சடசடவென்று மழை. மாடிக்கொடியில் என் சட்டைகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தேன். ஜாக்கி இறங்கியிருக்கிறது, ஸ்பேனர் தரையில் கிடக்கிறது. அப்படியானால் வேலை முடிந்தது என்று என் புத்தி தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. ஸ்பேனரைத் துணியில் சுற்றி, வழக்கம்போல இரட்டை முடிச்சுப் போட்டு, டிக்கியில் வைத்து மூடினேன்.

7.05-க்கு அத்தான் குடையோடு வந்தார். அவருடைய வேன் பழுதாகி நின்றுவிட்டது. விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போக வேண்டும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு உன் வண்டி வாசல்ல நிக்கும் மாப்ளே. உள்ளே ஒரு ரொட்டியும் இருக்கும்."

"எடுத்துட்டுப் போங்க அத்தான்."

"கால் முடுக்கு ஆச்சா?"

நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டை முகத்திலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"ஆச்சு."

அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் விடியற்காலை 4.50-க்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். கனவு ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் ஒரே ஒரு நினைப்பு. கால் முடுக்கு! அத்தானைக் கூப்பிட்டேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். 5.15-க்கு அக்கா அழைத்தாள். அவளால் பேச முடியவில்லை. வேறு யாரோ போனை வாங்கிச் சொன்னார்கள்.

அத்தான் சாலை ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். பனி. பின்னால் வந்த லாரிக்காரர் பார்க்கவில்லை. ஏன் இறங்கினார் என்பது யாருக்கும் தெரியவில்லை. டிக்கி திறந்திருந்ததால், ரொட்டித் தட்டுகள் சரிந்திருக்கும், அடுக்கப் போயிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

காருக்குப் பின்விளக்கு உடைந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. காவல் நிலைய வாசலில் நின்றது. நான் நேராக இடது முன்சக்கரத்திடம் போனேன். குனிந்து நட்டுகளைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன்.

நான்கும் இரும்பு மாதிரி இறுகியிருந்தன. அசையவே இல்லை.

அப்படியானால் முடுக்கித்தான் இருக்கிறேன். நான் காரணம் இல்லை. அங்கேயே கைகூப்பிக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அத்தான் செத்த அன்று, நன்றி! இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் கூசுகிறது. அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் காரை விட்டார்கள். டிக்கியில் இருந்த சாமான்களை மட்டும் வழக்கு முடியும்வரை வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஷெட்டில் அப்போது ஸ்பேனரே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை சமையலறையில் இருந்தேன். 6.40.

நறுக்…

ஷெட்டுப் பக்கம். இரும்பு இறுகும் சத்தம். சற்று இடைவெளி விட்டு மறுபடியும். மொத்தம் நான்கு. எலி எதையாவது உருட்டும் என்று நினைத்தேன். எலி எண்ணி உருட்டுமா என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாளும் 6.40. நான்கு. ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. ஆனால் ஷெட் முழுக்க வாசனை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் வாசனை.

மூன்றாம் நாள் தரையைப் பெருக்கி, கண்ணாடி துடைக்கிற வெள்ளைப் பொடியை இடது சக்கரத்தைச் சுற்றித் தூவினேன். பூட்டினேன். சாவி என் பையில். 6.45-க்குத் திறந்து பார்த்தேன்.

பொடியில் ஒரு செருப்புத் தடம் இருந்தது.

ஒன்றே ஒன்று. இடது கால்.

வலது கால் எங்கே இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஸ்பேனரின் மேல்.

நான்காம் நாள் 6.30-க்கே உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டேன். விளக்கைப் போட்டிருந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அதைக் கேட்கத் தெம்பாக இருந்தது.

6.38. ரொட்டி வாசனை.

6.40.

நறுக்…

இடது முன்சக்கரம் லேசாக அமுங்கி எழுந்தது. என் கண்ணெதிரே.

நறுக்…

சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன்.

நறுக்…

நறுக்…

பிறகு அமைதி. என் காதுக்கு மிகப் பக்கத்தில், மூச்சோடு மூச்சாக…

"ஆச்சா?"

வாய் தானாகத் திறந்தது. பழக்கம்.

"ஆச்சு."

நறுக்… நறுக்… நறுக்… நறுக்…

முதலிலிருந்து.

"ஆச்சா?"

"ஆச்சு அத்தான்…"

நறுக்…

"ஆகலை!" என்று கத்தினேன். "ஆகலை அத்தான். நான் முடுக்கலை. பொய் சொல்லிட்டேன்."

சத்தம் நின்றது.

என் தலையில் ஒரு கை பட்டது போல இருந்தது. கனமே இல்லை. பயமும் அந்த நொடியில் இல்லை. மண்டியிட்டு அழுதேன். அவ்வளவு நாளும் வராத அழுகை.

7.20-க்கு அக்கா வீட்டு வாசலில் நின்றேன். ரொட்டிக் கடை பூட்டியிருந்தது. பின்கட்டில் வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் துடைப்பாளாம்.

"அக்கா… அன்னைக்கு நான் சக்கரத்தை முடுக்கலை. அத்தான் கேட்டப்ப ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் கை நின்றது. நிமிரவில்லை.

"தெரியும்டா."

"எப்படி?"

"போன் பண்ணினார். வண்டி ஒரு மாதிரி ஆடுச்சாம். நிறுத்திட்டாராம். 'நம்ம கண்ணாடிக்காரன் கால் முடுக்கை மறந்துட்டான்டி. நானே முடுக்கிடறேன். அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே, நொந்துபோயிடுவான்'னார். அப்புறம் நறுக் நறுக்குன்னு நாலு சத்தம். 'ஆச்சு'ன்னார். வச்சுட்டார்."

"என்னைத் திட்டியிருக்கலாமே அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"ஆத்திரம் வராமலா இருந்துச்சு? எத்தனையோ தடவை போனை எடுத்தேன். அவர் வேண்டாம்னு சொன்னது குறுக்கே வந்து நின்னுச்சு." தட்டைக் கீழே வைத்தாள். "சாப்பிட்டியா?"

இல்லை என்றேன். உட்காரச் சொன்னாள். அன்று இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். பெரிய மன்னிப்புகள் எல்லாம் இப்படிச் சின்னக் கேள்வியாகத்தான் வரும் போலிருக்கிறது. கடவுளை நான் பார்த்ததில்லை. என் அக்கா சோறு போட்ட கையைப் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஷெட்டில் சத்தம் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

போன வாரம் வழக்கு முடிந்தது. தாள்களையும் மீதிச் சாமான்களையும் வாங்கி வந்து அக்காவின் மேசையில் வைத்துப் படித்தோம். லாரிக்காரர் உடனே நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அழைப்பு பதிவான நேரம் 4.23. 'அவர் அப்போதுதான் டிக்கியைத் திறந்து உள்ளே கையை விட்டார், அதற்குள் மோதிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்பது டாக்டரின் குறிப்பு. சட்டைப்பையில் இருந்த போன் தூள்தூளாகிவிட்டதாம்.

அக்கா தன் போனை எடுத்தாள். அத்தானின் கடைசி அழைப்பைத் தேடி என் முன்னால் வைத்தாள்.

4.31.

தாளில் இருந்த 4.23-ஐ விரலால் தொட்டு மறுபடியும் படித்தேன்.

பிறகு நான் சாமான் பையைப் பிரித்தேன். இரண்டு ரொட்டித் தட்டுகள். ஒரு குடை. அடியில், துணியில் சுற்றிய ஸ்பேனர்.

அதன் மேல் இரட்டை முடிச்சு. நான் போட்டது.

அதை யாரும் அவிழ்க்கவே இல்லை.