தப்பே செய்யாமல் செத்தவர்

என் தாய்மாமாவுக்குத் தெரிந்தவர்களில் யாருமே சும்மா செத்ததில்லை. எல்லாரும் ஏதாவது ஒரு தப்பு செய்துவிட்டுத்தான் செத்தார்கள். எதிர்வீட்டு வக்கீல் சாப்பாட்டை மெல்லாமல் விழுங்கினார், போய்விட்டார். பேங்க் மேனேஜர் ரிட்டயரானதும் பகலில் தூங்கினார், அவரும் போய்விட்டார். மாமாவோடு வேலை பார்த்த வெல்டர் எண்பத்தொன்பது வயதில் போனபோதுகூட, தண்ணீர் கம்மியாகக் குடிப்பான் என்று மாமா உச்சுக்கொட்டினார். ஒழுங்காகக் குடித்திருந்தால் இன்னும் எத்தனை நூற்றாண்டு இருந்திருப்பாரோ என்று நான் கேட்கவில்லை. சொந்த மனைவி போனபோதே, வலியை மறைத்துவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்.

மாமா முப்பத்திரண்டு வருஷம் மின்விசிறி கம்பெனியில் இருந்தார். ஓடாமல் திரும்பி வரும் விசிறிகளைப் பிரித்துப் பார்ப்பது வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, அட்டையில் 'காரணம்' என்று ஒரு கட்டம். மோட்டார் காயில் எரிந்தது, பேரிங் தேய்ந்தது. அந்தக் கட்டத்தை அவர் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. ரிட்டயரான பிறகு விசிறி வருவது நின்றுவிட்டதால் மனிதர்களைப் பிரிக்க ஆரம்பித்தார். துக்க வீட்டில் உட்காருவதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிடும். சுகர் இருந்ததா, நடந்தாரா, கடைசியாக என்ன சாப்பிட்டார். தன்னிடம் இல்லாத ஒரு கெட்ட பழக்கம் கிடைத்ததும் முகம் தெளிந்துவிடும். அப்புறம்தான் ஆறுதல் சொல்வார்.

பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான் கடவுள் வேண்டும் என்பது அவர் கட்சி. பயமே இல்லாத அவர் ஒரு நாளைக்கு மூன்று முறை பிரஷர் பார்த்துக்கொள்வார். அவர் தங்கையான என் அம்மா காலையில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அம்மாவுக்குக் கடவுள் இருந்தார், மாமாவுக்குக் காரணம் இருந்தது. இரண்டு பேரில் அம்மாதான் நன்றாகத் தூங்கினார்.

இதில் மாட்டிக்கொண்டவர் என் அப்பா. பள்ளிக்கூட நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுத்த தெருவிலேயே வீடு, யாரையும் மறுத்துப் பேசாத சுபாவம். மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? தன்னைப் போலவே அப்பாவுக்கும் ஐந்தரை மணிக்கு நடை, பாதி உப்பு, சர்க்கரை கிடையவே கிடையாது, அதே டாக்டர், அதே சோதனைகள், அதே மாத்திரைகள். வயதில் அப்பா மாமாவைவிட ஏழு மாதம் இளையவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் நடந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா ஷூவைக் கழற்றக் குனிந்தார். நிமிரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகும் மாமா போகவில்லை. அப்பாவின் அலமாரியைத் துழாவினார். ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார். சட்டைகளை முகர்ந்தார், சிகரெட் வாசனையாவது அடிக்காதா என்ற நப்பாசை. டாக்டருக்கு நாலு தடவை போன் போட்டார். சில சமயம் அப்படித்தான் என்றாராம் டாக்டர். அப்படி ஒரு காரணத்தை மாமா எந்த அட்டையிலும் எழுதியதில்லை. கடைசியில் என்னிடம் வந்து, வெளியே எங்காவது இனிப்பு வாங்கித் தின்பாரா என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர் என் அப்பா, இவர் என்னவோ வாரண்டி முடிவதற்குள் நின்றுபோன சாமானைப் பற்றி விசாரிக்கிறார்.

மூன்றாம் நாள் மாமா சாப்பிடவில்லை. நாலாம் நாள் நடக்கப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறியதும் முதலிலிருந்து எண்ணினார். அதுவரை மனதுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்த நான் அதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். ஒரு தப்பும் செய்யாத ஆளே போகலாம் என்றால் தானும் எந்த நிமிஷமும் போகலாம். அது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை ஏதாவது ஒண்ணு பண்ணியிருப்பாரும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லு."

அம்மா அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தார். ரெண்டு மாசமா மாத்திரை போடறதையே விட்டுட்டார், அண்ணா."

மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்புறம் கோபம் வந்தது, அப்பா மேல். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது, படித்துப் படித்துச் சொன்னேனே என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டுச் சாப்பாடு கேட்டார். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் கிளம்பியதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். வாராவாரம் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து வைத்தவள் நான். ஒரு வேளை மாத்திரைகூட மிஞ்சியதில்லை. எதற்காக அப்பா தலையில் இந்தப் பழியைப் போடுகிறாய் என்று கேட்டேன்.

"உங்கப்பாவை இனிமே யார் என்ன சொன்னாலும் வலிக்காது," என்றார் அம்மா. "எனக்கு உக்காந்து அழறதுக்குச் சாமி முன்னாடி ஒரு இடம் இருக்கு. அண்ணனுக்கு என்ன இருக்கு?"

அடுத்த வாரத்திலிருந்து மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் தயாராகவே வந்தார்கள். மாத்திரையை விடலாமா, இவ்வளவு அலட்சியமா என்றார்கள். சொன்னால் கேட்க மாட்டார் என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னார், நாற்பத்தொரு வருஷம் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நானும் ஆமாம் என்றேன்.