ஐம்பது வெள்ளிப் பந்தயம்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். கடும் போட்டி. பகலெல்லாம் அவருக்குச் சுவரொட்டி ஒட்டிவிட்டு, மாலையில் கோப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம், அண்ணன் தோற்பார் என்று ஐம்பது வெள்ளி பந்தயம் கட்டினேன். ஊர் நாடி எனக்குத் தெரியுமாம்!

கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அண்ணன் தோற்றார். ஆறுதல் சொல்லப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ என் பக்கம் பந்தயம் கட்டுனேன்னு தவுக்கே சொன்னாரு. என்னால உன் அம்பது வெள்ளியும் போச்சே தம்பி.”

நேரே கடைக்கு ஓடினேன். “ஏன் பொய் சொன்னீங்க தவுக்கே?”

“‘தம்பி எந்தப் பக்கம் கட்டுனான்’னு மணியம் கேட்டாரு. அந்த மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்றது லா?” என்றபடி, நான் ஜெயித்த பணத்தை நீட்டினார். வாங்கக் கை வரவில்லை.

இன்றும் அண்ணன் என்னை, “எனக்காகக் காசு கட்டித் தோத்தவன்” என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். ஒரு தடவைகூட நான் திருத்தியதில்லை.